ஸ்ரீரங்கப்பட்டணமும் நிலமளந்த லாம்ப்டனும்

பெங்களூரிலிருந்து மைசூருக்குச் செல்லும் ரயில், காவிரியின் ஒரு கிளையைக் கடந்து ஒரு தீவினுள் நுழைகிறது. சற்று நேரத்தில் மறு கிளையையும் கடந்து வெளியேறுகிறது. இடையே அமைந்த சிறு நிலையமே ஸ்ரீரங்கப்பட்டணம். பிழைப்பின் பொருட்டு வெளிமாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம் இவ்வூரைக் கடக்கும்போது, உறவினர் வீட்டு வாயிலைக் கடப்பது போன்ற ஓர் உணர்வு உள்ளத்தில் எழுவதுண்டு. அதே காவிரி, அதே அரங்கன். இங்குள்ளது ஆதியரங்கம், சிவசமுத்திரத்தில் உள்ளது மத்தியரங்கம், திருச்சிராப்பள்ளியை அடுத்துள்ளது அந்தியரங்கம் என்பது பக்தர்களிடையே நெடுங்காலமாக வழங்கிவரும் முறை.

அரங்கனைச் சேவித்தவர்கள் அடுத்தபடியாகத் திப்பு சுல்தானின் கோடை மாளிகையான தரியா தௌலத்தைக் காண்பார்கள். அவரும் அவர் பெற்றோரும் துயிலும் கும்பஸைக் காண்பார்கள். கோட்டைக்குள் அவர் வீழ்ந்துகிடந்த இடத்தில் சிறிது நேரம் மௌனமாக நிற்பார்கள். பக்தி ஒன்று, போர் ஒன்று என இரண்டு நினைவுகளோடு பலரும் ஊர் திரும்பிவிடுகின்றனர். இவ்வூருக்குரிய மூன்றாவது நினைவு ஒன்றும் உண்டு. பூமியின் வடிவத்தை அளந்தறிய இந்திய மண்ணில் நடைபெற்ற பெருமுயற்சியின் தொடக்கம் இந்த முற்றுகைக் களத்தோடு பிணைந்தது. அம்முயற்சியைத் தொடங்கிய வில்லியம் லாம்ப்டன் என்பவரின் வரலாற்றை இன்று நாம் காண்போம்.

லாம்ப்டன் இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் மாவட்டத்தைச் சேர்ந்த நார்தலர்ட்டன் என்னும் ஊருக்கு அருகே, எளிய குடும்பம் ஒன்றில் பிறந்தவர். கணக்கில் அவருக்கிருந்த கூர்மையைக் கண்டு இலவசக் கல்விக்கு வழி பிறந்தது. பின்னர் நியூகாசில் நகரில் சார்லஸ் ஹட்டன் என்ற கணித ஆசிரியரிடம் பயின்றார். ஸ்காட்லாந்தில் ஒரு மலை தன் அருகே தொங்கவிட்ட தூக்குக்குண்டைத் தன்பால் இழுப்பதை விஞ்ஞானிகள் அளந்தபோது, அவ்வளவைக்கொண்டு பூமியின் அடர்த்தியைக் கணக்கிட்டுத் தந்தவர் இந்த ஹட்டனே. ஆசிரியர் கையாண்ட அந்தத் தூக்குக்குண்டு மாணவரின் வாழ்விலும் குறுக்கிடுவதைப் பின்னர்க் காண்போம்.

1781-ஆம் ஆண்டில் லாம்ப்டன் படையில் சேர்ந்தார். அப்போது அமெரிக்கக் குடியேற்ற நாடுகள் விடுதலைப் போர் நடத்திக்கொண்டிருந்தன. காரன்வாலிஸ் பிரபு கர்னலாக விளங்கிய 33-ஆம் காலாட்படைப் பிரிவுக்கு லாம்ப்டன் போய்ச்சேர்ந்தார், போர்க்கைதியாகவும் ஆனார். 1781 அக்டோபரில் யார்க்டவுன் என்னுமிடத்தில் காரன்வாலிஸின் சேனை வாஷிங்டனிடம் சரணடைந்தது. அங்கே தோற்ற அதே காரன்வாலிஸ்தான் 1792-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தை முற்றுகையிட்டு, திப்புவின் நாட்டில் பாதியைப் பறித்துக்கொண்டு, அவருடைய புதல்வர்களுள் இருவரைப் பணயமாக அழைத்துச் சென்றவர் என்பதை நேயர்கள் நினைவிற்கொள்ளலாம். அமெரிக்காவில் இழந்ததை இந்தியாவில் ஈடுசெய்ய முற்பட்ட ஒரு வல்லரசின் போக்கு இதிலிருந்தே நன்கு விளங்கும்.

போர் முடிந்தபின் லாம்ப்டன் இங்கிலாந்துக்குத் திரும்பவில்லை. கனடாவைச் சேர்ந்த நியூ பிரன்ஸ்விக் என்னும் காட்டுநாட்டில், குடியேறுவோருக்கு நிலம் அளந்து கொடுக்கும் பணியும், படை விடுதிகளை மேற்பார்க்கும் பணியும் அவருக்குக் கிடைத்தன. ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் அங்கே கழிந்தன. பனி மூடிய நீண்ட இரவுகளில் கணித நூல்களும் வான நூல்களுமே அவருக்குத் துணையாயின.

அக்காலத்தில் பௌதிகம் தனித்துறையாகப் பிரிந்து நிற்கவில்லை; 'இயற்கைத் தத்துவம்' என்ற பெயரில் கணிதத்தோடும் வானநூலோடும் இணைந்திருந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு கல்லூரியில் 1738 முதல் 1779 வரை அதைக் கற்பித்த பேராசிரியர் ஜான் வின்த்ராப், சுக்கிரன் சூரியனின் முகத்தைக் கடந்து செல்வதைக் காண்பதற்காக 1761-இல் நியூபவுண்ட்லாந்துக்குக் கப்பலேறிச் சென்றவர். அத்தகைய பேராசிரியர் பதவியோ, மாணவர் கூட்டமோ, கல்லூரிக் கூடமோ லாம்ப்டனுக்கு வாய்க்கவில்லை. நூலொன்றைத் திறந்துவைத்துத் தமக்குத் தாமே ஆசிரியரானார். நாற்பது வயதைக் கடந்தும் அவர் சாதாரண லெப்டினன்டே. படைக்குத் திரும்ப வேண்டும், இன்றேல் படைப் பதவியை விட வேண்டும் என்று மேலிடத்து ஆணை வந்தது. அவர் படையைத் தேர்ந்து, இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார். அப்போது 33-ஆம் பிரிவின் தலைவராக இருந்தவர், பின்னாளில் வெலிங்டன் கோமகன் என்று புகழ்பெற்ற ஆர்தர் வெல்லெஸ்லி.

1799 ஏப்ரலில் ஜெனரல் ஹாரிஸின் தலைமையில் ஆங்கிலேயச் சேனை ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடைந்தது. கோட்டைக்கு வெளியே சுல்தான்பேட்டைத் தோப்பு என்று ஒரு தோப்பு இருந்தது. அதைச் சோதித்து வருமாறு ஜெனரல் பெயர்டுக்கு இரவில் ஆணை பிறந்தது. லாம்ப்டன் அவர் படையணியின் உதவி அதிகாரி. கும்மிருட்டில் சேனை நடந்துகொண்டிருந்தது. லாம்ப்டன் வானத்தை அண்ணாந்து பார்த்தார். தெற்கே செல்ல வேண்டிய அணி, திப்புவின் படைநிலைகளை நோக்கி நேர் வடக்கே போய்க்கொண்டிருப்பதை விண்மீன்கள் அவருக்கு உணர்த்தின. ஜெனரலிடம் ஓடிச் சொன்னார். தாம் போகும் வழி தமக்குத் தெரியும், அதற்கு நட்சத்திரங்களின் யோசனை வேண்டாம் என்று ஜெனரல் தட்டிவிட்டதாக வரலாற்றில் செய்தி வழங்குகிறது. சிறிது தூரத்தில் எதிரியின் காவலர்கள் எதிர்ப்பட்டனர். விளக்கேற்றித் திசைகாட்டியைப் பார்த்தபோதுதான் லாம்ப்டன் கூறியது உண்மையென்று தெரிந்தது.

மே மாதம் 4-ஆம் நாள் கோட்டை வீழ்ந்தது. திப்பு வாளேந்திய கையோடு மாண்டார். தலைநகர் மைசூருக்கு மாறியது. குழந்தைப் பருவத்தினரான மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் அரியணை ஏறினார். திப்புவின் படை ஏவிய இரும்புக்குழல் வாணங்களை ஆராய்ந்து, காங்கிரீவ் என்பவர் இங்கிலாந்தில் புதிய போர் வாணங்களைச் செய்யத் தொடங்கினார். வெற்றி பெற்றவர்கள் கொண்டுசென்ற பொருள்கள் பல. அவர்களுள் லாம்ப்டன் ஒருவருக்கு மட்டும் இங்கேயே செய்யத்தக்க ஒரு வேலை கண்ணுக்குப் புலப்பட்டது. கைப்பற்றிய நாட்டின் எல்லையே சரிவரத் தெரியாதிருந்த வேளை அது. சோழமண்டலக் கரையிலிருந்து மலையாளக் கரை வரை தென்னாட்டைக் குறுக்கே அளந்து, அதனோடு தென்வடலாகவும் அளந்தால், நாட்டுப்படமும் சரியாகும், பூமியின் வடிவமும் தெளிவாகும் என்று அவர் ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். வெல்லெஸ்லி அதை ஆதரித்தார். சென்னை அரசாங்கம் 1800-இல் இசைவு தந்தது. அவ்வாண்டின் இறுதியிலேயே பெங்களூருக்கு அருகே முதல் சோதனை அளவை நடந்தது.

பூமியின் வடிவத்தைப் பற்றி அப்போது ஐயம் என்ன இருந்தது என்று நேயர்கள் கேட்கலாம். பூமி முழு உருண்டையன்று, துருவங்களில் சற்றே தட்டையானது என்று நியூட்டன் கணக்கிட்டிருந்தார். அவ்வாறாயின் ஒரு பாகையின் நீளம் பூமத்திய ரேகைக்கருகே சற்றுக் குறைந்தும், துருவத்தருகே சற்று மிகுந்தும் இருக்க வேண்டும். பிரெஞ்சு அறிஞர்கள் பெரு நாட்டிலும் லாப்லாந்திலும் அளந்து, அது உண்மையே எனக் காட்டினர். எனினும் எவ்வளவு தட்டை என்ற கேள்விக்குத் துல்லியமான விடை தேவைப்பட்டது. அதற்குப் பூமத்திய ரேகைக்கு அண்மையில் நீண்டதொரு நிலப்பரப்பு வேண்டும். குமரிமுனையிலிருந்து வடக்கே விரிந்து கிடக்கும் நம் நாட்டைவிட வாய்ப்பான இடம் வேறெங்கு உண்டு?

அளக்கும் முறையும் எளிதில் விளங்கக் கூடியதே. ஒரு முக்கோணத்தின் ஒரு பக்கமும் இரண்டு கோணங்களும் தெரிந்தால் மற்றப் பக்கங்களைக் கணக்கிலேயே கண்டுவிடலாம். ஆதலின் சமவெளியில் ஒரே ஒரு கோட்டை மட்டும் மிகக் கவனமாகச் சங்கிலியால் அளந்துகொள்வர். இதற்கு அடிக்கோடு என்று பெயர். பின்னர் அதன் இரு முனைகளிலிருந்தும் தொலைவில் தெரியும் ஒரு குன்றைக் கோணமானியால் நோக்குவர். அந்த முக்கோணத்தின் பக்கம் அடுத்த முக்கோணத்துக்கு அடியாகும். இவ்வாறு குன்றுக்குக் குன்று தாவி, ஆறும் காடும் கடந்து, நிலத்தில் சங்கிலி படாமலேயே நாடு முழுவதையும் அளந்துவிடலாம்.

அடிக்கோட்டில் ஓர் அங்குலம் பிழைத்தால் அப்பிழை எல்லா முக்கோணங்களிலும் தொடரும். 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் சென்னைப் பரங்கிமலையை அடுத்த வெளியில் லாம்ப்டன் தமது அடிக்கோட்டைத் தொடங்கினார். அதன் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். அளந்த எஃகுச் சங்கிலிக்கும் ஒரு கதை உண்டு. சீனப் பேரரசருக்குக் காணிக்கையாக மக்கார்ட்னி பிரபுவின் தூதுக்குழு எடுத்துச் சென்று, அவர் விரும்பாமையால் திரும்பி வந்த கருவிகளுள் அது ஒன்று. அக்குழுவில் சென்றவரும், பின்னர்க் கல்கத்தா வில்லியம் கோட்டைக் கல்லூரியில் இயற்கைத் தத்துவம் கற்பித்தவருமான டின்விடி என்பவரிடமிருந்து அது வாங்கப்பட்டது. நூறு அடி நீளம். இரண்டரை அடிக் கண்ணிகள் நாற்பது. சித்திரை வெயிலில் எஃகு நீளும். காலைக் குளிர்ச்சியில் சுருங்கும். ஆகவே சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, தாங்கிகளின்மேல் மட்டம் பார்த்து நிறுத்தி, வெப்பமானியைக் கூடவே வைத்து, ஒவ்வொரு நூறடிக்கும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டனர். இப்படி ஏறத்தாழ நானூறு முறை!

கோணங்களை நோக்கும் பெரிய தியோடலைட் கருவி அரை டன் எடையுள்ளது. இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர் அதைக் கைப்பற்றி மொரீஷியஸுக்குக் கொண்டுபோயினர். பெட்டிக்குள் இருப்பது விஞ்ஞானக் கருவி என்று அறிந்ததும், பகைமையை மறந்து, பாராட்டுரையுடன் சென்னைக்கு அனுப்பிவைத்தனர். போர்க்காலத்திலும் கலைஞானத்துக்குக் காட்டப்பட்ட இம்மரியாதை நினைவில் வைக்கத்தக்கது.

ஆனால் அந்த மரியாதையைச் சென்னைச் சர்க்காரின் நிதி அலுவலர் எல்லோரும் காட்டவில்லை. பெருஞ்செலவு என்று முணுமுணுத்தனர். ஸ்ரீரங்கப்பட்டணம் போக விரும்புகிறவன் தன் பல்லக்குத் தூக்கிகளின் தலைவனிடம் ஊர்ப்பெயரைச் சொன்னால் போதும், அவனே கொண்டு சேர்ப்பான், இதற்கு லாம்ப்டனின் படம் எதற்கு என்று அவர்களுள் ஒருவர் ஏளனமாகக் கேட்டாராம். பல்லக்குத் தூக்கிக்கு வழி தெரியும் என்பது மெய்யே. ஆனால் அளவை குறுக்கே முடிந்தபோது சென்னைக்கும் மங்களூருக்கும் இடைப்பட்ட அகலம் 360 மைல் என்று தெளிவாயிற்று. அதுவரை வழங்கிய படங்கள் அதை 400 மைலாகக் காட்டியிருந்தன. இல்லாத நாற்பது மைலைப் படத்தில் வரைந்து வைத்துக்கொண்டு அரசாண்டவர்கள் அதன்பின் வாய் மூடினர்.

1804-இல் பெங்களூருக்கு அருகே மற்றோர் அடிக்கோடு அளக்கப்பட்டது. சென்னையிலிருந்து முக்கோணம் முக்கோணமாகக் கணக்கிட்டு வந்து இக்கோட்டின் நீளம் இவ்வளவு இருக்க வேண்டும் என்று முன்னரே எழுதிவைத்திருந்தனர். இப்போது சங்கிலியால் அளந்து ஒப்பிட்டனர். மொழிபெயர்ப்புத் தொழிலில் காலங்கழிக்கும் நமக்கு இம்முறை நன்கு பழக்கமானது. பெயர்த்ததை மீண்டும் மூலமொழிக்குப் பெயர்த்துப் பார்த்தால் எங்கே வழுவினோம் என்பது புலப்பட்டுவிடும். லாம்ப்டனின் கணக்கு வழுவிய அளவு நான்கு அங்குலத்துக்கும் குறைவு! நூற்றறுபது மைலுக்கு அப்பாலிருந்து வந்த கணக்கு இது.

பெங்களூர் அருகே தொட்டகுண்டா என்ற இடத்தில் வேறொரு புதிர் தோன்றியது. விண்மீன்களைக்கொண்டு கண்ட நிலைக்கும் முக்கோணங்களால் கண்ட நிலைக்கும் ஒற்றுமை இல்லை. பிழையை மறைத்து எண்ணைத் திருத்தி எழுத அவர் ஒருப்படவில்லை. மண்ணுக்கடியில் உள்ள அடர்ந்த பொருள் தூக்குக்குண்டைத் தன்பால் இழுத்திருக்க வேண்டும் என்று கருதினார். ஹட்டனின் மாணவர் அல்லவா? ஒத்துவராத எண்ணே புதிய உண்மைக்கு வாயில் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

தென்வடல் அளவை குமரியை நோக்கி இறங்கியபோது காவிரியின் வளநாடு தடையாக நின்றது. குன்றுகளே இல்லாத சமவெளி. எங்கு நோக்கினும் தென்னஞ்சோலை. உயர்ந்து நின்றவை கோயில்களே. ஆதலின் கோபுரங்களின்மேல் கருவியை ஏற்றினர். 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மீது தியோடலைட்டை ஏற்றும்போது கயிறு அறுந்தது. கருவி சுவரில் மோதி, அதன் வட்டம் வளைந்து உருக்குலைந்தது. வேறொருவராயின் இங்கிலாந்துக்கு எழுதிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பர். லாம்ப்டனோ கருவியை அக்கு அக்காகப் பிரித்தார். பலகையில் சரியான அளவில் ஒரு வட்டம் இட்டார். ஆப்புகளாலும் திருகுகளாலும் மெல்ல மெல்ல நெம்பி, ஆறு வாரங்களில் அதைப் பழைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். அதன்பின் அதே கருவி நெடுங்காலம் உழைத்தது.

குமரிமுனை அருகே தொடங்கி வடக்கே பீதர்ச் சீமை வரை ஏறத்தாழப் பத்துப் பாகை நீளமுள்ள வில் அளக்கப்பட்டது. பூமத்திய ரேகைக்கு அவ்வளவு அண்மையில் அவ்வளவு நீண்ட வில்லை அதற்குமுன் எவரும் அளந்ததில்லை. 1817-இல் இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1818 முதல் அப்பணி 'பெரும் முக்கோண அளவை' என்ற பெயர் பெற்றது. ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற இளைஞர் உதவியாளராக வந்து சேர்ந்தார். லாம்ப்டனின் மேற்பார்வையில் முக்கோணங்களால் மூடப்பட்ட பரப்பு ஏறத்தாழ 1,65,000 சதுர மைல்.

இவ்விடத்தில் நாம் ஒன்றை மறைக்காமல் கூறவேண்டும். இந்த அளவை தூய அறிவுத்தாகத்தால் மட்டும் நடந்ததன்று. நாடு பிடித்தவர்களுக்குப் படை நடத்தவும், எல்லை வகுக்கவும், வரி விதிக்கவும் படம் தேவைப்பட்டது; அதனால்தான் பணம் கிடைத்தது. ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்திராவிடில் லாம்ப்டனின் திட்டத்துக்கு இடமே இல்லை. இதை மறந்து அவரைப் போற்றுவது அரைகுறை வரலாறு. ஆனால் ஆட்சியின் நோக்கம் கறைபட்டது என்பதற்காக அளவையின் உண்மையைத் தள்ளிவிடுவதும் அரைகுறையே.

இன்னொரு கடனும் இருக்கிறது. சங்கிலியைச் சுமந்தவர்கள் யார்? குன்றின் உச்சியில் கொடி பிடித்து நின்றவர்கள் யார்? அரை டன் கருவியைத் தோளிலும் கயிற்றிலும் ஏற்றி இறக்கியவர்கள் யார்? சென்னைச் சீமையின் ஏவலர்களும் கூலிகளுமே. காட்டுச்சுரத்தில் பலர் மாண்டனர். அதே முற்றுகையில் பொறியாளராக இருந்து, பின்னர் மைசூர் நாட்டை அளந்த காலின் மெக்கன்சி, தமக்குத் துணைநின்ற காவலி வேங்கட போரய்யாவின் பெயரைப் போற்றிக் குறித்தார். ஆதலால் அப்பெயர் நமக்குத் தெரிகிறது. லாம்ப்டனின் சங்கிலிக்காரர்களின் பெயர்கள் அவ்வாறு விளங்கவில்லை. ஊரையும் உறவையும் விட்டு, மொழி தெரியாத சீமைகளில் மாதக்கணக்கில் கூடாரமடித்து வாழ்ந்த அவர்களை, வெளிமாநிலத் தமிழராகிய நாம் நம் முன்னோர் வரிசையில் வைத்து எண்ணுவது பொருத்தம்.

1823 ஜனவரி 20-ஆம் நாள், நாகபுரியை நோக்கிச் செல்லும் வழியில், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஹிங்கன்காட் என்னுமிடத்தில் லாம்ப்டன் காலமானார். அகவை எழுபதை எட்டியிருந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக அளந்தும் வேலை முடியவில்லை; அதைப் பற்றி அவர் அவசரப்பட்டதாகவும் தெரியவில்லை. எவரெஸ்ட் அந்தக் கோட்டை இமயத்தின் அடிவாரம் வரை கொண்டுசென்று 1843-இல் ஓய்வு பெற்றார். அவ்வளவையின் அலுவலகத்தில் கணக்கராக இருந்த வங்காளியர் ராதாநாத் சிக்தாரின் கணக்கு, 1852-இல், உலகின் மிக உயர்ந்த சிகரம் எது என்று காட்டியது. அச்சிகரத்துக்கு 1865-இல் எவரெஸ்டின் பெயர் சூட்டப்பட்டது. தொடங்கியவரின் பெயர் எந்தச் சிகரத்திலும் இல்லை.

ஹிங்கன்காட்டில் ஒரு கல்லறை உண்டு. நாகபுரி வழியாக வடக்கே செல்லும் ரயிலில் நம்மவர் எத்தனையோ பேர் அந்நிலையத்தைக் கடந்து போகிறோம். குமரியிலிருந்து வடக்கே நாம் ரயிலேறிச் செல்லும் திசையும் அவர் முக்கோணம் முக்கோணமாக ஏறிச் சென்ற திசையும் ஒன்றே. அடுத்த முறை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இறங்கும் நேயர்கள், அரங்கனைச் சேவித்து, திப்பு வீழ்ந்த இடத்தையும் கண்டபின், இருட்டும்வரை சிறிது நேரம் காவிரிக்கரையில் தங்குங்கள். அந்த இரவில் ஒரு படைவீரருக்கு வழிசொன்ன விண்மீன்கள் அங்கே தோன்றும். அவற்றை நம்பியவரையும், அவர் சொற்படி சங்கிலி சுமந்தவர்களையும் ஒருங்கே நினைத்துக்கொள்ளுங்கள்.